இஞ்சி நிற பேட்ஜர்: முதலில் கறுப்பு எங்கே போனது என்று பாருங்கள்

இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் படிக்கும் மகள் அனுப்பிய இரண்டு படங்களைக் காட்டி, சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வசிக்கும் ஒரு தாயார் கேட்ட கேள்வி இது: “மகள் தங்கியிருக்கும் வீட்டின் பின்தோட்டத்துக்கு இரவில் பேட்ஜர் வருகிறது. புத்தகங்களில் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் விலங்கு, அவள் கைப்பேசிப் படத்தில் இஞ்சி நிறத்தில் இருக்கிறது. அதே வாரம் வேலியில் கட்டிய தானியங்கிக் கேமராவிலோ ஏறக்குறைய வெள்ளையாக ஒன்று பதிவாகியிருக்கிறது. அந்த ஊரில் மண்ணே சிவப்பு, அதில் புரண்ட அழுக்குதான் என்கிறார் வீட்டுக்காரர். அல்பினோ என்கிறான் உடன் படிக்கும் பையன். இது நோயா, வேறு இனமா, அல்லது இரண்டு தனித்தனி விலங்குகளா?”

நோய் இல்லை. வேறு இனமும் இல்லை. அல்பினோ நிச்சயமாக இல்லை. வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. இரண்டு படத்திலும் இருப்பது ஒரே விலங்காகவே இருக்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

ஐரோப்பிய பேட்ஜரை நாம் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். வெள்ளை முகம், மூக்குப் பக்கத்திலிருந்து கண்களைத் தாண்டிக் காது வரை ஓடும் இரண்டு கறுப்புப் பட்டைகள், சாம்பல் நிற முதுகு, கறுப்பான வயிறும் கால்களும். இந்தச் சாம்பலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேட்ஜரின் முதுகில் சாம்பல் நிற முடி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு முடியும் அடியில் வெளிர் நிறம், நுனியை நெருங்கும்போது ஒரு கறுப்பு வளையம், கடைசி நுனியில் மறுபடி வெள்ளை. ஆயிரக்கணக்கான முடிகள் சேரும்போது தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரிகிறது. பழைய பாணியில் முகச்சவரம் செய்பவர்கள் வீட்டில் பேட்ஜர் முடியில் செய்த பிரஷ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று அந்த வளையம் அப்படியே தெரியும்.

பாலூட்டிகளின் முடிக்கு நிறம் கொடுப்பவை இரண்டே நிறமிகள். யூமெலனின் கறுப்பையும் கரும்பழுப்பையும் தரும். ஃபியோமெலனின் மஞ்சளையும் செம்மையையும் தரும். இரண்டையும் செய்வது ஒரே வகை நிறமி உயிரணுதான். எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று அதற்கு உத்தரவு வந்துகொண்டே இருக்கும். முடி வளர வளர உத்தரவு மாறினால் ஒரே முடியில் வளையம் விழும். இரண்டில் எதுவுமே வராத இடம் வெள்ளை. சிங்கத்தின் மணல் நிறம் முதல் வரிக்குதிரையின் வரி வரை எல்லாம் இந்த இரண்டையும், அவை இல்லாத வெள்ளையையும் வைத்து வந்தவைதான்.

வழக்கத்துக்கு மாறான நிறத்தில் ஒரு விலங்கைப் பார்த்தால், “என்ன நிறமாக இருக்கிறது?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி, “கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?” என்பது. இந்த ஒரு கேள்வியிலேயே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வீட்டுக்காரரின் சிவப்பு மண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். டெவன் வட்டாரத்தில், குறிப்பாக எக்ஸிட்டரைச் சுற்றி, மண் உண்மையிலேயே செங்கல் நிறம்தான். இரும்பு ஆக்சைடு கலந்த பழங்காலச் செம்மணற்பாறை உதிர்ந்து உண்டான மண் அது. பேட்ஜர் வாழ்நாளில் பாதியை நிலத்தடி வளையில் கழிக்கும் விலங்கு. ஓயாமல் தோண்டும், புல்லும் சருகும் வாரிப்போட்டுப் படுக்கை விரிக்கும். அதன் மேல் மண் ஏறத்தான் செய்யும். அதனால் அந்த ஊர் பேட்ஜர்களின் வெள்ளை முகம் செம்மையடித்துத் தெரிவது சாதாரணம். ஆனால் சாயம் வெள்ளையில்தான் ஏறும், கறுப்பில் ஏறாது. எவ்வளவு செம்மண் ஒட்டினாலும் முகத்தின் கறுப்புப் பட்டை தூசி படிந்த கறுப்பாகத்தான் தெரியுமே தவிர, இஞ்சி நிறமாக மாறாது. மகள் அனுப்பிய முதல் படத்தில் பட்டைகளே ஆரஞ்சு கலந்த பழுப்பாக இருக்கின்றன. கால்களும் அப்படியே. ஆனால் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை ஓரளவு வெள்ளையாகவே இருக்கிறது. அழுக்கு என்றால் இதற்கு நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இன்னொரு சோதனையும் உண்டு, பொறுமை இருந்தால். பேட்ஜர் ஆண்டுக்கு ஒருமுறை முடி உதிர்க்கும். வசந்தத்தில் தொடங்கி, இலையுதிர் காலத்துக்குள் புது முடி அடர்த்தியாக வந்துவிடும். ஒட்டிய சாயமும் வெயிலில் வெளுத்த நுனியும் பழைய முடியோடு போய்விடும். புது முடியும் இஞ்சியாகவே முளைத்தால் அது பிறவி நிறம்.

அந்தப் பிறவி நிறத்துக்கு எரித்ரிசம் என்று பெயர். கறுப்பு நிறமி வரவேண்டிய இடத்தில் சிவப்பு நிறமி வந்துவிடுவதுதான் விஷயம். முன்பு சொன்ன முடி வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடியும் நுனியும் எப்போதும்போல வெள்ளை. நடுவிலிருக்கும் வளையம் மட்டும் கறுப்புக்குப் பதில் இஞ்சி. அதனால்தான் இந்த பேட்ஜர்களின் முதுகு, கால்களைப்போல அடர்ந்த செம்மையாக இல்லாமல், மணல் கலந்த வெளிர் செம்மையாகத் தெரிகிறது. வடிவம் எதுவும் மாறவில்லை. பட்டை இருக்க வேண்டிய இடத்தில் பட்டை இருக்கிறது, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இருக்கிறது. மை மட்டும்தான் வேறு.

பாலூட்டிகளில் இப்படி நடக்கும்போது அடிக்கடி மாட்டுவது எம்சி1ஆர் என்ற மரபணு. நிறமி உயிரணுவின் மேல்பரப்பில் இருந்துகொண்டு, “கறுப்பைச் செய்” என்ற உத்தரவை வாங்கி உள்ளே அனுப்பும் ஏற்பியை உருவாக்குவது இதன் வேலை. அது பழுதானால் உத்தரவு உள்ளே போகாது, உயிரணு சிவப்பையே செய்துகொண்டிருக்கும். மனிதரில் செம்முடி, குதிரையில் செந்நிறம், மஞ்சள் லாப்ரடார் நாய் எல்லாமே இந்த மரபணுவின் கைங்கரியம். மஞ்சள் லாப்ரடாரின் மூக்கும் கண்ணும் கறுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முடியில் மட்டும்தான் கறுப்பு நின்றுபோகிறது, தோலிலும் கண்ணிலும் நிற்பதில்லை. இஞ்சி நிற பேட்ஜரின் கண்ணும் கருமையாகவே இருக்கும். உங்கள் பிளாக் கீழ்த்தளத்தில் படுத்துக்கிடக்கும் ஆரஞ்சுப் பூனையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூனையின் ஆரஞ்சு, எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் வேறொரு மரபணுவின் வேலை. ஆரஞ்சுப் பூனைகளில் ஆண்கள் அதிகமாக இருப்பது அதனால்தான்.

இதன் நேர் எதிரான உதாரணம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. மண்டாய் விலங்கியல் தோட்டத்தில் பிள்ளைகளோடு நின்று வெள்ளைப் புலிகளைப் பார்த்த சிங்கப்பூரர் ஏராளம். வெள்ளைப் புலி அல்பினோ என்று பலர் நினைக்கிறார்கள். நம் கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள்: கறுப்பு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, வரிகள் அப்படியே இருக்கின்றன. காணாமல் போனது செம்மஞ்சள்தான். எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் சிவப்பு நிறமி மட்டும் படுத்துவிட்டது என்று 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இன்று உலகக் காட்சிச்சாலைகளில் இருக்கும் வெள்ளைப் புலிகளின் மூதாதை என்று சொல்லப்படும் மோகன், 1951-ல் மத்திய இந்தியாவின் ரேவா காட்டில் குட்டியாகப் பிடிபட்டது. அதன் மகளோடே அதைச் சேர்த்து, அடுத்தடுத்தும் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் மாறுகண் போன்ற கோளாறுகள் அந்தப் பரம்பரையில் நிறைய வந்தன. ஆக, வெள்ளைப் புலி சிவப்பை இழந்து கறுப்பை வைத்துக்கொண்டது. இஞ்சி பேட்ஜர் கறுப்பை இழந்து சிவப்பை எடுத்துக்கொண்டது.

சரி, உண்மையான அல்பினோ பேட்ஜர் எப்படி இருக்கும்? டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்யாவிட்டால் இரண்டு நிறமிகளில் எதுவும் உருவாகாது. முடி வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, கண்ணும் இளஞ்சிவப்பு. கண்ணில் நிறமி இல்லாததால் உள்ளே இருக்கும் இரத்த நாளங்களின் நிறம் வெளியே தெரிகிறது. முகப்பட்டையின் சுவடுகூட இருக்காது. (வளைக்குள் வாழும் விலங்கு என்பதால் நடைமுறையில் பால் வெள்ளையாக இருப்பது அபூர்வம். வீட்டுக்காரர் சொன்ன செம்மண் சாயத்துக்கு இதைவிட நல்ல துணி கிடையாது.) இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது லூசிசம். அங்கே நிறமி செய்யும் இயந்திரத்தில் கோளாறு இல்லை, ஆனால் நிறமி உயிரணுக்கள் கருவிலேயே தோலின் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. முடி வெளுத்திருக்கும், கண் மட்டும் கருமையாக இருக்கும். சிலவற்றில் முகப்பட்டை மங்கலாக, கறை போலத் தெரியும். வெள்ளை விலங்கைப் பார்த்தால் கண்ணைப் பாருங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான்.

கண் கருமையாக இருக்கும் எல்லா வெள்ளை விலங்கும் கோளாறு என்றும் எண்ணிவிட வேண்டாம். தாய்லாந்தின் கோ சி சாங் தீவில் வாழும் ஃபின்லேசன் அணில்கள் கூட்டமாகவே வெள்ளை. அவற்றுக்கு அதுதான் இயல்பு நிறம். அதே இனம் தாய்லாந்தின் வேறு பகுதிகளில் சிவப்பாக, கறுப்பாக, மூன்று நிறம் கலந்து என்று இடத்துக்கு ஒரு வேடம் போடுகிறது. யாரோ கொண்டுவந்து விட்டதன் பலனாக இந்த இனம் சிங்கப்பூரிலும் குடியேறி, பிடாடாரி வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தென்படுகிறது. அங்கே புதிதாகக் குடிபோனவர்கள் நம் வழக்கமான அணிலைப்போல இல்லாத ஒன்றைப் பார்த்து, “அணிலுக்கு ஏதோ வியாதி” என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வியாதி இல்லை ஐயா, அது வேறு இனம்.

மெலனிசம் என்பது கறுப்பு அளவு மீறுவது. பேட்ஜரில் இது கவனத்துக்கு வருவதே குறைவு, ஏனென்றால் ஏற்கெனவே பாதி கறுப்பான விலங்கு. முதுகு முடியின் கறுப்பு வளையம் அகன்று, முகத்தின் வெள்ளை குறுகி மங்கி, இருட்டில் வெறும் நிழலாகத் தெரியும். மெலனிசத்தை நன்றாகப் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டினால் போதும். தாய்லாந்தின் கிரா நிலச்சந்திக்குத் தெற்கே, மலாய்த் தீபகற்பக் காடுகளில் கேமராவில் சிக்கும் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கருஞ்சிறுத்தைகள். ஆப்பிரிக்காவில் ஒன்றைப் படம் பிடித்தாலே செய்தியாகும் நிறம், ஜொகூர்க் காட்டில் சர்வசாதாரணம். சிறுத்தையில் இந்தக் கறுப்பு ஒடுங்கு பண்பு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். தென்னமெரிக்க ஜாகுவாரிலோ அது ஓங்கு பண்பு, ஒருவரிடமிருந்து வந்தாலே தெரியும்; மரபணுவும் வேறு. வெளியே பார்க்க ஒரே கறுப்பு, உள்ளே வழி வேறு. அதனால்தான் ஒரு விலங்கின் நிறத்துக்கான காரணத்தை அப்படியே இன்னொன்றுக்கு ஒட்டும்போது நான் தயங்குவேன்.

கருஞ்சிறுத்தையை இங்கே இழுத்ததற்கு இன்னொரு காரணம், உங்கள் இரண்டாவது படம். கருஞ்சிறுத்தைகளை எண்ண முயன்ற ஆய்வாளர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. எல்லாமே கறுப்பாக இருந்தால் எது எது என்று எப்படிப் பிரித்தறிவது? மலேசியாவின் திரெங்கானு காடுகளில் ஒரு குழு, பகலிலும் அகச்சிவப்பு ஒளியிலேயே படமெடுக்கும்படி கேமராக்களை ஏமாற்றியது. கறுப்பு முடிக்குள் மறைந்திருந்த புள்ளிகள் பளிச்சென்று வெளியே வந்தன. 2015-ல் அந்த ஆய்வு வெளியானது. அகச்சிவப்பு ஒளியில் மெலனின் நம் கண்ணுக்குத் தெரிவதுபோல் நடந்துகொள்வதில்லை என்பதே இதன் பொருள். அந்த ஒளியை அது மிகக் குறைவாகவே உறிஞ்சும். கறுப்பு நிறமியாவது கொஞ்சம் உறிஞ்சும். சிவப்பு நிறமி ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது.

வேலியில் கட்டிய கேமரா இரவில் எடுப்பது அகச்சிவப்புப் படம்தான், அதனால்தான் அது கறுப்பு வெள்ளையாக வருகிறது. சாதாரண பேட்ஜரின் பட்டைகள் அதில் தெளிவாகவே தெரியும். இஞ்சி பேட்ஜரின் பட்டைகளோ வெளிறிப்போய், விலங்கு முழுவதும் வெண்மையாகத் தோன்றும். கைப்பேசியில் இஞ்சியாக வந்த அதே பிராணி, கேமராவில் வெள்ளையாக வந்திருக்கிறது என்பதே எனக்கு மிகவும் பொருந்துகிற விளக்கம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பட்டை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய சாம்பல் நிழல் இருக்கிறது. அல்பினோவாக இருந்தால் அதுவும் இருக்காது. கண்கள் பளபளவென்று எரிவதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உள்ள எல்லா இரவு விலங்குக்கும் கண் அப்படித்தான் எரியும், நிறம் எதுவானாலும்.

கைப்பேசிப் படத்திலும் ஒரு சந்தேகம் எழலாம். பழைய சோடியம் தெருவிளக்கின் கீழே எடுத்த படத்தில் எல்லாமே ஆரஞ்சாகத்தான் வரும். ஆனால் உங்கள் மகளின் படத்தில் பின்னால் தெரியும் குப்பைத்தொட்டி பச்சையாகவே இருக்கிறது, தோட்டக் கதவு வெள்ளையாக இருக்கிறது. அதனால் அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிடலாம். விலங்குப் படம் அனுப்புபவர்கள் பின்னணியை வெட்டிவிடாமல் அனுப்பினால் எவ்வளவு உதவி தெரியுமா? பெரும்பாலோர் விலங்கை மட்டும் பெரிதாக்கி அனுப்புகிறார்கள்.

அடுத்து, இது எவ்வளவு அபூர்வம்? ஊருக்கு ஊர் மாறும், அதுதான் சுவாரஸ்யம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 4,85,000 பேட்ஜர்கள் இருப்பதாக 2017-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. பெரும்பாலான வட்டாரங்களில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் பார்த்தாலும் சாம்பல் பேட்ஜரைத் தவிர வேறொன்றைப் பார்க்க மாட்டார். ஆனால் ஒரு வளையில் ஒரு இஞ்சி பேட்ஜர் வந்துவிட்டால், சுற்றுவட்டாரத்தில் மேலும் சில தென்பட வாய்ப்பு அதிகம். காரணம் அவற்றின் குடும்ப அமைப்பு. பிரிட்டனின் பேட்ஜர்கள் கூட்டாக வாழ்பவை. பெரும்பாலானவை பிறந்த வளையைவிட்டு அதிக தூரம் போவதில்லை. தாத்தா பாட்டி காலத்து வளையிலேயே பேரப்பிள்ளைகளும் குடியிருக்கும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்பாட்டில் இருக்கும் வளைகள் உண்டு. இப்படி நகராத சமூகத்தில் ஓர் ஒடுங்கு மரபணு நுழைந்தால் அது வெளியே பரவாமல் அந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றும். மறைவாக அதைச் சுமக்கும் இரண்டு சாம்பல் பேட்ஜர்கள் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் இஞ்சியாக இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் வெள்ளைப் புலிக்கு வந்த கதி வராதா என்று கேட்பீர்கள். ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகே வைத்தம் காட்டில் 1987 முதல் தொடர்ந்து பேட்ஜர்களைப் பிடித்து, அடையாளமிட்டு, விட்டு ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே குட்டிகளின் டிஎன்ஏவைப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிக் குட்டிகளின் தந்தை வேறு கூட்டத்தைச் சேர்ந்த ஆண் என்று தெரிந்தது. பெரும்பாலும் பக்கத்துக் கூட்டம். குடியிருப்பது கூட்டுக்குடும்பத்தில், சம்பந்தம் பக்கத்துத் தெருவில். அதனால் மரபணு ஒரே வளைக்குள் அடைபடாமல் நாலைந்து வளைகளுக்குள் கலக்கிறது. இஞ்சி நிறமும் அப்படித்தான் ஒரு வட்டாரத்து அடையாளமாக மாறுகிறது.

இப்படி வித்தியாசமாக இருந்தால் பிழைக்குமா? பிழைக்கும். எதிரியின் கண்ணில் படும் விலங்குக்குத்தான் நிறம் தலைபோகிற விஷயம். புக்கிட் தீமாவில் ஒரு வெள்ளை அணில் கிளையில் ஓடினால், மேலே வட்டமிடும் கழுகுக்கு அது அழைப்பிதழ். பிரிட்டனில் வளர்ந்த பேட்ஜரை வேட்டையாட யார் இருக்கிறார்கள்? ஓநாய், கரடி, லின்க்ஸ் எல்லாம் பல நூற்றாண்டுக்கு முன்பே ஒழிந்துவிட்டன. இரை தேடவும் அதற்கு ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. முக்கிய உணவு மண்புழு. ஈரமான இரவில் புல்வெளியில் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு புழுவை உறிஞ்சியபடியே நடக்கும். மண்புழு அதன் நிறத்தைப் பார்த்து ஓடப்போவதில்லை. கூட்டத்துக்குள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதும் வாசனையால்தான். வாலடிச் சுரப்பியை ஒன்றின் மேல் ஒன்று தேய்த்து, கூட்டத்துக்கே ஒரு பொது வாசனை வைத்துக்கொள்கின்றன. அல்பினோக்களுக்குப் பார்வை பலவீனமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் பார்வையை நம்பி வாழாத விலங்குக்கு அது பெரிய நஷ்டம் இல்லை.

முகப்பட்டை எதற்கு என்றொரு கேள்வி இங்கே நியாயமாக வரும். பெரிய மிருகங்களிடம், “நான் கடிப்பேன், விலகிப் போ” என்று சொல்லும் எச்சரிக்கை அது என்ற கருத்துக்கு ஆதரவு அதிகம். ஸ்கங்க், தேன் பேட்ஜர் என்று கடிக்கவும் நாற்றமடிக்கவும் தெரிந்த விலங்குகள் பலவற்றிலும் இதே கறுப்பு வெள்ளைச் சேர்க்கை இருக்கிறது. மிரட்ட வேண்டிய ஓநாயே இல்லாத நாட்டில் பட்டை இஞ்சியானால் என்ன, மங்கினால் என்ன? பிரிட்டிஷ் பேட்ஜரைக் கொல்வது பெரும்பாலும் கார். ஆண்டுக்கு 50,000 வரை சாலையில் சாகின்றன என்று மதிப்பிடுகிறார்கள். அதோடு, மாடுகளுக்கு வரும் காசநோயைக் கட்டுப்படுத்தவென்று 2013 முதல் அரசாங்க அனுமதியோடு 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. அந்தத் திட்டம் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, ஆனால் அது தனிக்கதை.

வேறு இனமா என்ற சந்தேகத்துக்கும் ஒரு வரி. பிரிட்டனில் இருப்பது ஒரே ஒரு பேட்ஜர் இனம்தான். நிறத்தில் வேறுபட்ட உறவினர்கள் எல்லாம் தொலைவில் இருக்கிறார்கள். ஜப்பானிய பேட்ஜர் இயல்பாகவே பழுப்பு, முகப்பட்டையும் மங்கல். காங்கோ பக்கத்துத் தேன் பேட்ஜர்களில் முதுகின் வெள்ளைப் போர்வையே இல்லாமல் முழுக்கறுப்பாக இருப்பவை உண்டு. சிங்கப்பூரில் பேட்ஜர் கிடையாது. பேட்ஜர் என்ற பெயரோடு நமக்குப் பக்கத்தில் இருப்பவற்றில் ஒன்று சுமத்ராவிலும் போர்னியோவிலும் வாழும் தெலெடு, அதாவது நாற்ற பேட்ஜர். அது உண்மையில் ஸ்கங்க் குடும்பம். அதன் முதுகில் ஓடும் வெள்ளைக் கோடு சிலவற்றில் வால் வரை நீளும், சிலவற்றில் பாதியில் அறுந்துவிடும்.

குட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் மகள் இன்னொரு “வெள்ளை பேட்ஜர்” படம் அனுப்பினாலும் அனுப்புவார். பேட்ஜர் குட்டிகள் பிப்ரவரி வாக்கில் பிறக்கும், சுமார் எட்டு வாரத்துக்குப் பிறகே வளையைவிட்டு வெளியே தலைகாட்டும். பிறந்த குட்டியின் முடி வெள்ளியடித்த வெளிர் நிறம், பட்டை மங்கலாகத்தான் இருக்கும். வெளியே வரும்போது ஓரளவு சாம்பலாகிவிட்டாலும் தாயைவிட வெளுத்தே தெரியும். இதில் அதிசயம் இல்லை. நம் நெடுவால் குரங்குகளின் குட்டி கருகருவென்று பிறந்து பிறகு பழுப்பாகிறதே. மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் இருக்கும் ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் இதற்கு நேர் எதிர்: தாய் கறுப்பு, குட்டி வெள்ளை, முதுகில் மட்டும் கரும்பட்டை. குட்டியின் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

இனி மகளிடம் சொல்ல வேண்டியவை. முதலாவதாக, இடம் தெரியும்படி அந்தப் படத்தை எங்கேயும் போட வேண்டாம். நாய்களை ஏவி பேட்ஜரைக் கடிக்க வைக்கும் கொடூர விளையாட்டு பிரிட்டனில் 1835-லேயே தடைசெய்யப்பட்டது, ஆனாலும் திருட்டுத்தனமாக இன்றும் நடக்கிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பேட்ஜரை மட்டுமல்ல, அதன் வளையைத் தொந்தரவு செய்வதும் குற்றம். அதனால் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு வளைவரை போக வேண்டாம். இங்கே ஓர் ஆந்தை கூடு கட்டியது தெரிந்துவிட்டால் பூங்காவில் நீண்ட லென்ஸோடு எத்தனை பேர் கூடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அங்கே கூடுபவர்கள் எல்லோரும் கேமராவோடுதான் வருவார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டாவதாக, நல்ல படம் வேண்டுமானால் ஜூன் மாதம் காத்திருக்கச் சொல்லுங்கள். இங்கே ஏழேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. எக்ஸிட்டரில் அப்போது இரவு ஒன்பதரை ஆகும். இருட்டும் நேரம் குறைவு, வயிற்றுக்கும் போதாது, அதனால் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே பேட்ஜர் வெளியே வந்துவிடும். விளக்கைப் போடாமல், ஜன்னலுக்கு உள்ளேயே இருந்து, காற்று தன் பக்கம் வீசும் நேரமாகப் பார்த்து எடுக்கலாம். பக்கவாட்டு முகம், முன்கால், கண் மூன்றும் ஒரே படத்தில் இயற்கை வெளிச்சத்தில் கிடைத்தால் அப்புறம் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. தொடவோ, கையால் ஊட்டவோ வேண்டாம். நிறம் நோயில்லை என்றாலும், அந்த வட்டாரத்து பேட்ஜர்களிடம் மாட்டுக் காசநோய்க் கிருமி இருக்கக்கூடும்.

கேமராவை வேலியிலேயே இருக்கவிடச் சொல்லுங்கள். வரும் விலங்கு பெண்ணாக இருந்து, வசந்தத்தில் குட்டிகளோடு வந்தால், அவை இரண்டு மூன்று மாதம் வளர்ந்த பிறகு பட்டையைப் பாருங்கள். எல்லாம் கறுப்புப் பட்டையாக இருந்தால், தந்தை வழியில் அந்த மரபணு வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். குட்டிகள் மறைவாக அதைச் சுமந்துகொண்டு போகும். ஒன்றாவது இஞ்சியாக இருந்தால், தந்தையிடமும் அந்த மரபணு இருக்கிறது; தந்தை பக்கத்துக் கூட்டத்து ஆண் என்றால், அங்கேயும் அது ஏற்கெனவே நுழைந்துவிட்டது.